இரண்டு சிவப்புப் பொட்டு

ஃபஹீமா தலையில் துப்பட்டாவும் வெறும் நெற்றியுமாகப் போய் நிற்பாள். கேட்பதோ ஸ்டிக்கர் பொட்டு. அதுவும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்து, அட்டை அட்டையாக. தாம்பரம் மார்க்கெட் ஃபேன்சி ஸ்டோர்க்காரருக்கு முதல் தடவை விளங்கவில்லை. புத்தகத்தில் ஒட்டுவதற்கு என்று அவள் சொன்னாள். அவர் நம்பவில்லை. பிறகு அவர் கேட்பதை விட்டார், அவளும் சொல்வதை விட்டாள்.

உண்மையிலேயே புத்தகத்துக்குத்தான். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறுவர் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவளுடையது. அலுவலக ஸ்டிக்கர்கள் வெயிலுக்கு உரிந்து விழுந்தன. நெற்றி வியர்வைக்கே தாங்குகிற பொட்டு புத்தகத்துக்குத் தாங்காதா என்று யோசித்தாள். தாங்கியது. திருமுடிவாக்கத்தில் ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருக்கும் அவள் கணவன் ஷாகுல், "ஊர்ல உள்ள புக்குக்கெல்லாம் பொட்டு வைக்கிற, ஜமாத்துல கேட்டா நான் என்ன சொல்றது?" என்பான். "அவங்களையும் வந்து படிக்கச் சொல்லுங்க" என்பாள் அவள்.

ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் இரண்டு பொட்டு. மேலே இருப்பது வாசிப்புக்கு, கீழே இருப்பது பக்குவத்துக்கு. பச்சை சின்னப் பிள்ளைக்கு, மஞ்சள் நடுவில், சிவப்பு உச்சம். பிள்ளைகளின் நூலக அட்டையிலும் அதேபோல இரண்டு. அட்டையும் புத்தகமும் பொருந்தினால்தான் எடுத்துப் போகலாம். எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டது என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொலையையும் சாவையும் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அதற்குத்தான் கீழ்ப்பொட்டு. நல்ல ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஏற்பாட்டில் ஓர் அநியாயம் நடந்துவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்பதுதான் தெரிவதில்லை.

ஃபஹீமாவுக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. படிக்காத புத்தகத்துக்கு அவள் பொட்டு வைத்ததே இல்லை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம் என்று நின்று பால் பொங்கவிட்ட நாட்கள் நிறைய. பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்கும்போது, "இது உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு" என்று தவறாமல் சொல்வாள். உடனே பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சிக்காகவே ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, மேடவாக்கம் நெரிசலில் மாட்டி வெந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவாள்.

உதயா ஒரு சனிக்கிழமை வந்து கதவோரமாக நின்றாள். ஐந்தாம் வகுப்பு, எண்ணெய் காணாத தலை. இடுப்பில் ஒன்றரை வயதுத் தங்கை.

"பாப்பாவோட வரலாமாக்கா? அது அயுவாது" என்றாள்.

அறக்கட்டளை சார்பில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் சம்பத். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக வரும் பிள்ளைகளைச் சோதித்துப் பொட்டு நிறம் முடிவு செய்வது அவர்தான். ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்தார். உதயா படித்தாள். எட்டாம் வகுப்பைக் கொடுத்தார். தங்கையை மடியில் ஆட்டிக்கொண்டே அதையும் படித்தாள். அவர் விளையாட்டாகத் தன் பையிலிருந்த செய்தித்தாளின் தலையங்கத்தை நீட்டினார். தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்து முடித்து, "நிதிப் பற்றாக்குறைன்னா துட்டு இல்லாம போறதா சார்? கெவர்மெண்டுக்கே இல்லாம போவுமா?" என்று கேட்டாள். சம்பத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆச்சரியப்பட்டால் அவர் செய்வது அதுதான்.

அடுத்தது பக்குவம். அதற்கான கேள்விகளை ஏதோ வெளிநாட்டு இணையதளத்திலிருந்து எடுத்துத் தமிழாக்கி வைத்திருந்தார்.

"அம்மா வர லேட்டானா என்ன பண்ணுவ?"

"சோறாக்கி வெச்சிருவேன் சார். பாப்பாவுக்கு ஊட்டிருவேன். தண்ணி வந்தா புடிச்சி மேல ஏத்துவேன். லிஃப்டு எப்பவும் ரிப்பேரு."

"தனியா இருக்க பயமா இருக்காதா?"

"எதுக்கு?"

"கடைசியா எப்ப அழுத?"

உதயா யோசித்தாள். "நெனப்பு இல்ல சார். நான் அயுதா பாப்பாவும் அயுவும்."

சம்பத் முழு மதிப்பெண் போட்டார். "எங்க அபார்ட்மென்ட் பசங்க கரெண்ட் போனாலே கத்துறாங்க. இந்தப் பொண்ணுக்கு என்ன ஒரு பக்குவம் பாருங்கம்மா" என்றார்.

"சார், இது பக்குவம் இல்ல. வேற வழியில்லாம செய்யுறா. பத்து வயசுதானே ஆகுது அவளுக்கு" என்றாள் ஃபஹீமா.

"பக்குவம்னா வேற எப்படிம்மா வரும்?"

அவளுக்குப் பதில் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்கைப் பிடித்து நிறுத்த ஒரு காரணம் இருந்தது. வண்டலூருக்கு அப்பால் ஒரு விடுதிப் பள்ளி. அறக்கட்டளை சிபாரிசு செய்யும் பிள்ளை ஒன்றை ஒவ்வொரு ஆண்டும் ஆறாம் வகுப்பில் சேர்த்து, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இலவசமாகப் படிக்கவைக்கும். சாப்பாடு, துணி, படுக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேர்வு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புத்தகத்தை வாசிக்கச் சொல்வார்கள், அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். ஆனால் போகிற பிள்ளையின் அட்டையில் இரண்டு பொட்டும் சிவப்பாக இருக்க வேண்டும். அந்தக் குடியிருப்பிலிருந்து அதுவரை ஒரு பிள்ளைகூடப் போனதில்லை. ஃபஹீமா வாயை மூடிக்கொண்டு கீழ்ப்பொட்டையும் சிவப்பாகவே ஒட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. தன் மகன் அய்மானின் பரீட்சையைக்கூட மறந்துபோனாள். உதயா அந்தப் பள்ளிக்குப் போக வேண்டும். எட்டு மாடி ஏறித் தண்ணீர் சுமக்கிற உடம்புக்கு ஒரு கட்டில் வேண்டும், ஒரு மேசை வேண்டும், படித்துக்கொண்டிருக்கும்போது யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வேண்டும். இது பேராசையா? ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கேட்காமலே கிடைக்கிறது.

சிவப்பு அலமாரியில் சிரிக்கிற புத்தகம் குறைவு. பக்குவம் என்றால் துக்கம் என்று பெரியவர்கள் எப்போது முடிவு செய்தார்களோ தெரியாது. பஞ்சம், கலவரம், அகதி முகாம், குடிகார அப்பா, சுரங்கத்தில் மூச்சுமுட்டிச் செத்த அண்ணன். ஒன்று மாற்றி ஒன்றாக ஃபஹீமா எடுத்துக் கொடுத்தாள். உதயா வாரத்துக்கு ஒன்று முடித்தாள். முதலில் நிறையப் பேசினாள். அந்த அப்பா ஏன் திரும்பி வரவில்லை, அந்த முகாமுக்கு அப்புறம் எங்கே போனார்கள் என்று துளைத்து எடுத்தாள். மெல்ல மெல்லக் கேள்வி நின்றது. புத்தகத்தை நீட்டுவாள். "எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சுக்கா" என்பாள். ஹோட்டலில் பில் கொடுக்கும்போது சொல்வோமே, அந்த மாதிரி ஒரு நல்லா இருந்துச்சு.

ஒருநாள் பச்சை அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தங்கைக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தாள். செருப்பைத் தொலைத்த யானையின் கதை. பாப்பா பாதி நேரம் புத்தகத்தின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது. உதயாதான் பக்கத்துக்குப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து ஃபஹீமா அன்றுதான் பார்த்தாள்.

"இத்த எடுத்துக்கினு போவட்டாக்கா? பாப்பாவுக்கு."

ஃபஹீமாவுக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் பள்ளிக்காரர்கள் பிள்ளை என்னென்ன எடுத்தாள் என்று பார்ப்பார்கள், கீழே இறங்கிப் படித்தால் கேள்வி வரும் என்று சம்பத் சொல்லியிருந்தார். "உன் லெவலுக்கு இது ரொம்பச் சின்னது உதயா. சீட் வரட்டும், அப்புறம் இதெல்லாம் எடுத்துக்கலாம்" என்றாள். உதயா சரி என்று தலையாட்டி, யானையைக் கொண்டுபோய் அது இருந்த இடத்திலேயே வைத்தாள். அடம்பிடிக்கவில்லை. அதையும் பக்குவக் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்கள்.

நேர்முகத்துக்கு ஒரு புத்தகம் வேண்டும். ஃபஹீமா அலைந்து தேடி ஒரு நாவலைக் கண்டுபிடித்தாள். மலை கிராமத்துப் பெண் ஒருத்தி பட்டணத்துக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊரில் விட்டுவந்த குட்டித் தங்கை அக்காளைத் தேடித் தினமும் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்கிறது. ஒரு மழை நாளில் ஓடை அதை அடித்துக்கொண்டு போகிறது. அக்காள் உடைந்துபோகிறாள், எழுந்து நிற்கிறாள், கடைசியில் டாக்டராகி அதே மலைக்குத் திரும்பி வந்து குழந்தைகளைக் காப்பாற்றுகிறாள். சம்பத் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளியிலும் அந்தப் புத்தகம்தான் என்றதும் சந்தோஷப்பட்டார்கள். வாசிப்புக்கு ஏற்ற கனம், பக்குவத்துக்கு ஏற்ற துயரம், விடுதிக்குப் போகும் பெண்ணுக்குத் தைரியம் தரும் முடிவு. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? படித்த பெரியவர்கள் எல்லாருக்கும் கடைசி அத்தியாயம்தான் மனதில் நின்றது.

"இது உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு" என்று சொல்லி, ஃபஹீமா அதை உதயாவின் கையில் கொடுத்தாள்.

நேர்முகம் நூலகத்திலேயே நடந்தது. சனிக்கிழமை. பள்ளியிலிருந்து ஓர் அம்மையாரும் ஓர் ஆசிரியரும் வந்திருந்தார்கள். உதயா தலைக்கு எண்ணெய் வைத்து, சீருடையில் வந்தாள். இடுப்பில் தங்கை இல்லாமல் அவளைப் பார்க்க ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

"பாப்பா எங்க?" என்றாள் ஃபஹீமா.

"வூட்ல கீது."

அம்மா லீவு போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மையார் அந்த நாவலைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். உதயா எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "ம... ழை... மழை. பெ... பெய்... து..." என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தாள். ஒரு சொல்லில் முட்டி நின்று திரும்பிப் போய் மறுபடி வந்தாள். சம்பத்தின் முகம் சிவந்தது. அம்மையார் அன்பாக, "பதட்டமா இருக்காம்மா? தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

"இல்ல மேடம். எனக்கு இவ்ளோதான் படிக்கத் தெரியும்."

"சரி, கதையையாவது சொல்லேன்."

"தெரியல மேடம்."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, கண் தாழவில்லை. பொய் சொல்கிறாள் என்று ஃபஹீமாவுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எவ்வளவு பாடுபட்டது, எவ்வளவு பேரிடம் பேசியது, எல்லாவற்றையும் இந்தப் பெண் விரலால் எழுத்து எழுத்தாக நசுக்கிவிட்டாளே. அவர்கள் போனதும் பிடித்து உலுக்கிக் கேட்க நினைத்தாள். ஆனால் உதயா முடிந்த கையோடு வாசலைத் தாண்டி ஓடியிருந்தாள். வெறும் நடை இல்லை, ஓட்டம்.

"ஏமாந்துட்டோம்மா. மனப்பாடம் பண்ணிப் படிச்சிருப்பா போல" என்றார் சம்பத்.

"தலையங்கத்தையா சார் மனப்பாடம் பண்ணியிருந்தா?" என்று ஃபஹீமா கேட்டாள். நம்புவதைவிட ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்வது சிலருக்குச் சுலபம். அவள் பள்ளி அம்மையாருக்கு ஃபோன் செய்தாள். கெஞ்சினாள், சத்தம் போட்டாள், மறுபடி கெஞ்சினாள். கடைசியில் அவர், "திங்கட்கிழமை எங்க ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை பார்க்கிறோம். அதுக்கு மேல முடியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபஹீமா உதயாவின் வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் ஓடவில்லை. கடைசி மாடிவரை படியேறி, மூச்சு வாங்க வாசலில் நின்றாள். உதயாவின் அம்மா அம்மணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்கிறவள். புருஷன் மாரி கட்டட சென்டரிங் வேலைக்கு ஓசூர் பக்கம் போனவன், தீபாவளிக்கு வந்தால் உண்டு. உதயா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கீழே போயிருந்தாள்.

"உக்காருங்க மேடம். இது இப்புடி மானத்த வாங்கும்னு நெனக்கல" என்றாள் அம்மணி. "வூட்ல நல்லா கடகடன்னு படிச்சிக்கினு இருக்கும். அங்க போயி பயந்துக்குச்சோ இன்னாவோ."

"நாளைக்கு இன்னொரு சான்ஸ் தர்றாங்க, அம்மணி."

அம்மணி முறத்தைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "நெசமாவா? இட்டுக்கினு போங்க மேடம். இதாச்சும் இங்கேர்ந்து போவட்டும். நான் பட்டது போதும்."

பாப்பா தத்தித் தத்தி வந்து ஃபஹீமாவின் புடவை முந்தானையைப் பிடித்தது. தூக்கி மடியில் வைத்தாள். குழந்தையின் வலது கணுக்காலைச் சுற்றி ஒரு சிவப்புத் தடம், காப்பு போட்ட மாதிரி. தோல் உரிந்திருந்தது.

"இது என்ன?"

"அதுவா, நேத்து கட்டிப்போட்டது" என்றாள் அம்மணி, சாதாரணமாக. "நான் வேலைக்குப் பூட்டேன். பக்கத்து வூட்டு கிளியம்மாக்கா பகல்ல பாத்துக்கும், உதயா ஸ்கூல் வுட்டு வர்ற வரைக்கும். நேத்துன்னு பாத்து அதுக்கு ஒரு சாவு வூடு. இது கதவாண்ட வந்து படிக்கட்டுல எறங்கிடும் மேடம். அதான் உதயா போறப்ப ஜன்னல் கம்பில துப்பட்டாவால கட்டிட்டுப் போச்சு. இங்க எல்லாரும் அப்புடித்தான் பண்றது."

"உதயா ஹாஸ்டலுக்குப் போயிட்டா?"

"சாயங்காலம் கிளியம்மாக்கா இட்லிக் கடைக்குப் பூடும். நான் வர ராத்திரி ஆவும். அது வரைக்கும் கட்டித்தான் போடணும், இன்னா பண்றது. அதுக்காவ பெரிசோட வாழ்க்கைய கெடுக்க முடியுமா?"

அம்மணி கெட்டவள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று முடிவு செய்த தாய். இந்தக் கணக்கைப் போட வேண்டியிராதவர்கள் அவளைப் பற்றி எதுவும் பேசாமலிருப்பது நல்லது. ஃபஹீமாவும் பேசவில்லை. பால்வாடியில் இரண்டு வயது ஆகாமல் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தாலும் மதியத்துக்கு மேல் கிடையாது. அவளுக்கே தெரியும்.

படியில் காலடி கேட்டது. உதயா குடத்தோடு வந்தாள். ஃபஹீமாவைப் பார்த்ததும் குடம் கொஞ்சம் சாய்ந்து தண்ணீர் சிந்தியது. குடத்தை இறக்கி வைத்ததும் ஃபஹீமா அவளை வெளி வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். கீழே யாரோ மைக்கில் பழைய பேப்பருக்குக் கூவிக்கொண்டு போனான்.

"ஏன் அப்படிப் படிச்ச?"

உதயா கைப்பிடிச் சுவரைச் சுரண்டினாள்.

"உனக்குப் படிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும். என்கிட்ட மறைக்காத. ஏன்?"

"உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாள் உதயா.

"என்ன தெரியும்?"

"நான் ஸ்கூலுக்குப் போனா பாப்பா படிக்கட்டாண்ட வந்து நிக்கும்னு. நான் யார்ட்டயும் சொல்லல. நீங்க அந்த புக்கு குடுத்தீங்க. எனக்குன்னே எயுதினதுன்னு சொன்னீங்க."

"அது நான் எல்லார்கிட்டயும் சொல்றதும்மா" என்றாள் ஃபஹீமா.

"அந்த அக்கா ஹாஸ்டலுக்குப் போச்சு. அதனாலதான் அந்தப் பாப்பா செத்துப்பூச்சு. போவாதன்னு சொல்றதுக்குத்தான குடுத்தீங்க?"

செய்தித்தாளின் தலையங்கத்தைப் படிக்கிறவள்தான். ஆனால் வயது பத்து. பெரியவர்கள் கையில் கொடுப்பதை அப்படியே நம்புகிற வயது. இதற்கு அந்த அட்டையில் பொட்டு இல்லை. இதை அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

"அது கதை உதயா. யாரோ உக்காந்து கற்பனையா எழுதினது. அப்படியெல்லாம் நடக்காது."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு அந்தக் கணுக்கால் நினைவுக்கு வந்தது. உதயா அவளைப் பார்த்தாள். சின்னப் பிள்ளை பொய் சொன்னால் அம்மா பார்ப்பாளே, அப்படி.

"மூணாவது பிளாக்குல ஒரு பையன் மாடிலேர்ந்து வியுந்துட்டான்க்கா. அவங்க அம்மாவும் வேலைக்குத்தான் போயிருந்தாங்க."

"சரி, கடைசில என்ன ஆகுது? அவ டாக்டர் ஆகுறால்ல? எத்தனை குழந்தைங்களைக் காப்பாத்துறா."

"அதுங்கள்லாம் வேற பாப்பாங்க."

ஃபஹீமா ஏதாவது செய்ய வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன், தினமும் சாயங்காலம் வந்து பாப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று வாய்வரை வந்தது. அய்மானின் டியூஷன், மாமியாரின் இன்சுலின் ஊசி, ஷாகுலின் முகம், மேடவாக்கம் சிக்னல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு மாதம் செய்யலாம். ஏழு வருஷம்? அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே வரவில்லை. சனிக்கிழமைதோறும் வந்து புத்தகம் கொடுத்து முகம் மலர்வதைப் பார்த்துவிட்டுப் போகிற அன்பு இவ்வளவு தூரம்தான் வரும் என்று அவளுக்கு அங்கே நின்றபோது தெரிந்தது. தன்னையே வெறுத்தாள்.

"அம்மாட்ட சொல்லாதீங்கக்கா" என்றாள் உதயா. "நான் வேணும்னேதான் தப்பா படிச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு அடிச்சி அனுப்பிரும். நான் பூட்டா பாப்பாவ கட்டிப்போடும். நேத்து ஒரு தடவ நானே கட்டினேன். அது அயுவல. துப்பட்டாவ சுத்தறப்ப வெளயாட்டுன்னு நெனச்சி காலத் தூக்கிக் குடுத்துச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று.

ஃபஹீமா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு, "உனக்கு வேற புக்கு கொண்டுவரேன். சிரிப்பா இருக்கிறது. நீ கேக்கிறது எதுவானாலும்" என்றாள்.

"வேணாங்க்கா." உதயா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "படிச்சா தெரிஞ்சிடுது. தெரிஞ்சிக்கினு சும்மா இருக்க பேஜாரா கீது."

உள்ளிருந்து அம்மணியின் குரல் வந்தது. "நாளைக்கு எத்தினி மணிக்கு மேடம் வரணும்? வேல செய்யற வூட்ல சொல்லணும்."

உதயா நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று பார்த்தாள்.

ஃபஹீமாவின் கையில் ஃபோன் இருந்தது. அந்தப் பள்ளியில் ஒரு கட்டில், ஒரு மேசை. இங்கே ஜன்னல் கம்பி. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிள்ளையை விட்டுக்கொடுக்க வேண்டும். நூறு புத்தகத்தைப் படித்து இது இன்னாருக்கு, இது இன்னாருக்கு இல்லை என்று பிரித்தவளுக்கு, இதில் எதைக் கொடுப்பது என்று விளங்கவில்லை. அம்மணி எழுந்து வந்து கதவில் நின்றாள். பாப்பா அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

"இப்பதான் ஸ்கூல்லேர்ந்து ஃபோன் வந்துச்சு, அம்மணி" என்றாள் ஃபஹீமா. "சீட்டை வேற பிள்ளைக்குக் கொடுத்துட்டாங்களாம்."

அம்மணி உதயாவின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? ஒயுங்கா நாலு எயுத்து படிச்சிருந்தா போயிருப்ப. ஊரெல்லாம் உன்னப்பத்தி பெரிசா பேசினாங்க. படிக்கத் தெரியாத தண்டம்." சொல்லிவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

உதயா தலையைக் குனிந்து அடியை வாங்கிக்கொண்டாள். குனிந்து தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தங்கையின் தலைக்கு மேலாக ஃபஹீமாவைப் பார்த்தாள். நன்றி சொல்கிற பார்வை. உதயா அதுவரை அவளுக்கு எதற்குமே நன்றி சொன்னதில்லை.